பாலுண்ட குழந்தைக்கு ஏப்பம்: தலைப்பிள்ளைத் தாய்மார் அறிய வேண்டுவன

கடலூர் முதுநகரைக் கடந்து சிதம்பரம் நோக்கிச் செல்லும் சாலையில், உப்பனாற்றை அடுத்துச் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்திருக்கிறது. 1971-இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் 1980-களில் இங்கே தொழிற்பேட்டை நிறுவியது முதல், இரசாயனப் பொருள்களும் மருந்துச் சரக்குகளும் சாயங்களும் செய்யும் ஆலைகள் குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம், செம்மங்குப்பம் முதலிய ஊர்களை ஒட்டி எழுந்துள்ளன. மேற்கே சென்றால் குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் கைத்தறியில் கைலி நெய்யும் குடும்பங்கள். பண்ணுருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் பயிரிடும் குடும்பங்கள். ஆலைத் தொழிலாளி, நெசவாளி, உழவர் ஆகிய மூவரின் வாழ்வும் வெவ்வேறு வகையினது. எனினும், வீட்டில் முதற் குழந்தை பிறந்தவுடன் மூவர் இல்லத்திலும் எழும் கவலை ஒன்றே: "பால் குடித்த குழந்தை ஏன் அழுகிறது?"

முற்காலத்தில் இக்கேள்விக்கு விடை கூற வீட்டிலேயே ஆள் இருந்தார். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் நாட்டு வழக்கம். குழந்தையைக் கையில் வாங்கித் தோளில் சாய்த்து, முதுகைத் தடவி, ஏப்பம் வந்த பின்னரே தூளியில் இடுவதைப் பாட்டியோ அத்தையோ செய்து காட்டுவார். அதைப் பார்த்துப் பார்த்தே இளந்தாய் கற்றுக்கொண்டாள். இன்றோ மருத்துவமனையிலிருந்து நேரே வாடகை வீட்டிற்குத் திரும்பும் தாய்மார் பலர். கணவர் இரவு முறை வேலைக்குச் சென்றிருப்பார். பெற்றோர் தொலைவில் இருப்பர். நள்ளிரவில் குழந்தை வீறிட்டழும்போது அத்தாய்க்குத் தோன்றுவது யாது? "என் பால் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலும்," என்பதே. அடுத்த நாள் வீட்டிற்குள் பால் மாவுப் பெட்டி நுழைகிறது. கைமுறைப் பழக்கம் ஒன்று தெரியாமையால் தாய்ப்பாலே நின்று போகிறது. ஆகவே, சிறு செய்திதானே என்று கருதாமல் இதனை நம் அங்கத்தினர் குடும்பங்களுக்கு விரிவாக எடுத்துரைக்க விழைகிறோம்.

காற்று உள்ளே செல்வது எவ்வாறு?

குழந்தை பாலைச் சப்பிக் குடிக்கையில் பாலோடு சிறிது காற்றையும் விழுங்குகிறது. அழும்போதும் காற்று உட்செல்லும். பெரியோர்க்கு இரைப்பையின் வாயில் உள்ள தசை வளையம் இறுக்கமாக மூடிக்கொள்ளும். பச்சிளங் குழந்தைக்கு அவ்வளையம் இன்னும் உறுதி பெறவில்லை. ஆதலின் காற்று மேலெழும்போது அதனுடன் சிறிது பாலும் வெளிவருதல் இயல்பு. குழந்தையை நிமிர்த்திப் பிடித்தால் காற்று பாலுக்கு மேலே வந்து நின்று எளிதில் வெளியேறும். ஏப்பம் எடுக்கச் செய்வதன் தத்துவம் இவ்வளவே.

காற்று அதிகம் புகாமற் காப்பது அதனினும் சிறந்தது. குழந்தை முலைக்காம்பை மட்டும் பற்றிச் சப்பினால் பாலும் குறையும், காற்றும் மிகும், தாய்க்குக் காம்பில் புண்ணும் உண்டாகும். வாயை அகலத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தின் பெரும்பகுதியையும் சேர்த்துப் பற்றுதல் வேண்டும். குழந்தையின் முகவாய் தாயின் மார்பைத் தொட்டுக்கொண்டும், கீழுதடு வெளிப்புறமாக மடிந்தும் இருந்தால் சரியாகப் பற்றியிருக்கிறது என்று அறியலாம். பசி முற்றி அழும் வரை காத்திராமல், கையைச் சப்புவதும் தலையைத் திருப்பி வாயால் தேடுவதுமாகிய குறிப்புகளைக் கண்டவுடனே பாலூட்டத் தொடங்குவது நலம்.

செய்யும் முறைகள் மூன்று

முதலாவது, தோளில் சாய்த்தல். குழந்தையை நிமிர்த்தி, அதன் முகவாய் தாயின் தோள்மீது படியுமாறு வைத்து, ஒரு கையால் இடுப்பின் கீழும் மறு கையால் முதுகிலும் தாங்கிக் கொள்ள வேண்டும். குழந்தையின் மூக்கு துணியில் அழுந்தாமல் முகம் ஒரு பக்கம் திரும்பியிருத்தல் வேண்டும். பிறகு உள்ளங்கையைச் சிறிது குவித்து முதுகில் மெல்லத் தட்டலாம், அல்லது கீழிருந்து மேலாகத் தடவலாம்.

இரண்டாவது, மடியில் உட்கார வைத்தல். குழந்தையைப் பக்கவாட்டில் மடிமீது இருத்தி, முன்புறமாகச் சற்றே சாய்த்து, ஒரு கையின் பெருவிரலாலும் மற்ற விரல்களாலும் தாடையெலும்பைத் தாங்கி, அதே கையின் அடிப்பகுதியால் மார்பைத் தாங்க வேண்டும். தாங்க வேண்டுவது தாடையை, தொண்டையை அன்று. விரல் தொண்டையில் அழுந்தினால் மூச்சு தடைப்படும். குழந்தையின் முகத்தைத் தாய் நேரே காண முடிவதால், புதிதாகக் கற்போர்க்கு இம்முறை ஏற்றது.

மூன்றாவது, மடியில் குப்புறக் கிடத்துதல். இரு தொடைகளின் மேலும் குழந்தையைக் குறுக்கே கிடத்தி, தலை மார்பைவிடச் சற்று உயர்ந்திருக்குமாறு தாங்கி, முதுகைத் தடவுதல். தாய் விழித்திருந்து கையால் பிடித்திருக்கும் பொழுதில் மட்டுமே இது செய்யத்தக்கது. குப்புறக் கிடத்திய நிலையிலேயே குழந்தையை உறங்க விடுதல் கூடாது.

எம்முறையாயினும் கழுத்து நிற்காத குழந்தைக்குத் தலையைத் தாங்குதல் இன்றியமையாதது. ஒரு மார்பிலிருந்து மறு மார்பிற்கு மாற்றும்போது ஒரு தடவையும், குடித்து முடித்த பின் ஒரு தடவையும் செய்தால் போதும். இன்பமாகக் குடித்துக்கொண்டிருக்கும் குழந்தையை இடையில் இழுத்தெடுத்து ஏப்பத்திற்காகத் தட்டுவது வீண். அதனால் குழந்தை அழுது மேலும் காற்றையே விழுங்கும்.

ஏப்பம் வராவிடில் என் செய்வது?

தாய்மார் பலரை வாட்டும் ஐயம் இது. ஏப்பம் வரும்வரை அரை மணி நேரம், ஒரு மணி நேரம் என்று நள்ளிரவில் குழந்தையைத் தட்டிக்கொண்டு நிற்போர் உண்டு. "ஏப்பம் எடுக்காமல் படுக்க வைத்துவிட்டாயே" என்ற கடுஞ்சொல் கேட்டுக் கண்ணீர் விடுவோரும் உண்டு. இதற்கு விடையாகும் ஆராய்ச்சியொன்று நம் நாட்டிலேயே நடந்துள்ளது.

சண்டிகர் நகரில் நல்ல உடல்நலத்துடன் நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளையும் அவர்தம் தாய்மாரையும், மொத்தம் 71 இணைகளை, ஆராய்ச்சியாளர் இரு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவினர்க்கு ஏப்பம் எடுக்கச் செய்யும் முறையைக் கற்பித்தனர். மற்றொரு பிரிவினர்க்கு அதனைக் கற்பிக்கவில்லை. மூன்று மாத காலம் கவனித்து, முடிவை 2015-இல் வெளியிட்டனர். ஏப்பம் எடுக்கச் செய்ததனால் குழந்தைகளின் வயிற்று வலி அழுகை குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. பால் கக்குதலோ அப்பிரிவில் கூடுதலாகவே இருந்தது. தாய்மார் பரம்பரையாகச் செய்து வரும் செயலை இவ்வாறு துலாக்கோலில் இட்டுப் பார்த்த ஆராய்ச்சிகள் உலகில் மிகச் சிலவே.

சிறிய ஆராய்ச்சி ஒன்றைக் கொண்டு பாட்டிமார் செய்தது அனைத்தும் தவறு என்று முடிவு கட்டுதல் முறையன்று. பாலுண்ட பின் நெளிந்து முறுகும் குழந்தை தோளில் சாய்ந்தவுடன் ஓர் ஏப்பம் விட்டு அமைதியுறுவதை நாம் யாவரும் கண்டிருக்கிறோம். தாயின் தோளும் உடற்சூடும் நிமிர்ந்த நிலையும் குழந்தைக்கு இதம் தருவன. அதனைத் தடுப்பாரில்லை. ஆனால் ஏப்பம் வராமற் போனால் தீங்கு நேர்ந்துவிடும் என்ற அச்சத்திற்கு இடமில்லை. சில நிமிடங்கள் முயன்று, வராவிடில் குழந்தையை மல்லாக்கக் கிடத்தி உறங்க விடலாம். பாலுண்ட அயர்வில் உறங்கிவிட்ட குழந்தையை ஏப்பத்திற்காக எழுப்பவும் வேண்டா. தாய்மார்க்குக் கற்பிக்கும்போது, தட்டும் முறையைச் சொல்லித் தருவதோடு எப்போது நிறுத்தலாம் என்பதையும் சேர்த்தே சொல்லித் தருதல் வேண்டும்.

மல்லாக்கக் கிடத்தினால் கக்கிய பால் மூச்சுக்குழலில் இறங்கிவிடாதா என்று கேட்பர். குழந்தை மல்லாந்து கிடக்கையில் மூச்சுக்குழல் மேலும் உணவுக்குழல் கீழுமாக அமைகின்றன. ஆகவே கக்கிய பால் தாழ்ந்த பக்கமாகிய உணவுக்குழலிலேயே தங்கும். குழந்தையும் அதனை விழுங்கும் அல்லது இருமி வெளித்தள்ளும். குப்புறக் கிடந்தால் இந்நிலை தலைகீழாகும். அமெரிக்காவில் 1994 முதல் குழந்தைகளை மல்லாக்க உறங்க வைக்குமாறு நாடெங்கும் பிரசாரம் செய்யப்பட்டது. அதன்பின் உறக்கத்தில் திடீரென நேரும் சிசு மரணம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

கக்குதல் வேறு, வாந்தி வேறு

"கக்குகிற பிள்ளை தக்கும்" என்பது நம் ஊர்ப் பெரியோர் வாக்கு. பால் குடித்த பின் வாயோரத்தில் சிறிது வழிய விட்டு, மறுகணமே கையையும் காலையும் உதைத்து விளையாடும் குழந்தைக்கு நோய் ஏதுமில்லை. நான்காம் மாத அளவில் கக்குதல் மிகுந்து, ஓராண்டு நிறைவதற்குள் பெரும்பாலும் தானே நின்றுவிடும். அழுகையும் அவ்வாறே. பிறந்து ஆறு வாரம் வரை நாளுக்கு நாள் மிகுந்து, பின் மூன்று நான்கு மாதங்களில் தணியும். இதை முன்கூட்டியே அறிந்த தாய் தன் பாலின்மீது பழி சுமத்த மாட்டாள்.

பால் போதுகிறதா என்பதை அழுகையைக் கொண்டு அளத்தலாகாது. இரவு பகலாக 8 முதல் 12 தடவை பால் குடித்து, முதல் வாரத்தின் முடிவிலிருந்து நாளொன்றுக்கு 6 தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, எடையும் ஏறிவரும் குழந்தைக்குப் பால் போதுகிறது என்றே பொருள். பிறந்த முதற் சில நாட்களில் எடை சற்றுக் குறைவது இயல்பு. இரண்டு வாரத்திற்குள் பிறந்த எடையை மீண்டும் எட்டிவிட வேண்டும்.

ஆயினும், கீழ்க்கண்டவை தோன்றினால் ஏப்பம் என்றும் வாயு என்றும் கருதி வீட்டில் காலம் தாழ்த்துதல் கூடாது. பச்சை நிறமாக வாந்தி எடுத்தல்; வாந்தியில் இரத்தம் தோன்றுதல்; ஒவ்வொரு தடவையும் பால் பீறிட்டுத் தொலைவில் விழுதல்; வயிறு உப்பிக் கல்லாதல்; பால் குடிக்க மறுத்தல்; காய்ச்சல் அல்லது உடல் சில்லிடுதல்; நிமிடத்திற்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்குதல்; மூச்சிழுக்கையில் விலாவின் அடிப்பகுதி உட்குழிதல்; வலிப்பு; உள்ளங்கை, உள்ளங்காலில் மஞ்சள் நிறம்; துவண்டு கிடத்தல். இவற்றுள் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 108 எண்ணுக்குப் பேசினால் ஊர்தி வரும். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையும், சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நம் வட்டாரத்தார்க்கு எட்டும் இடங்களே.

மருந்து வேண்டா

பச்சிளங் குழந்தை அழுதால் கடையில் கிரைப் வாட்டர் வாங்கி ஊற்றுவது பலர் வழக்கம். இந்நீர் 1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் வில்லியம் உட்வர்டு என்பவரால் செய்யப்பட்டது; ஆதியில் அதில் சாராயச் சத்தும் கலந்திருந்தது. இன்று விற்பவற்றில் அச்சத்து இல்லையெனினும், தாய்ப்பாலன்றி வேறொன்றும் வேண்டாத ஆறு மாத காலத்தில் அதற்குத் தேவையும் இல்லை. பிறந்தவுடன் சேனை வைத்தல், வசம்பும் சாதிக்காயும் இழைத்த உரைமருந்து கொடுத்தல் ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். வசம்பிற்குப் "பிள்ளை வளர்ப்பான்" என்ற பெயரும் உண்டு. எனினும் பெயர் நல்லதாயிருப்பதனாலேயே பிறந்த சிசுவின் வயிறு அதனைத் தாங்கும் என்று கொள்ளுதல் கூடாது. தொக்கம் எடுத்தல், உரம் எடுக்கத் துணியில் இட்டு உருட்டுதல் ஆகியன மென்மையான கழுத்திற்கும் குடலுக்கும் ஊறு விளைவிக்கக் கூடியன.

புட்டிப்பாலையும் பால் மாவையும் தாய்மாரிடையே விளம்பரம் செய்வதை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. வேலைக்குச் செல்லும் தாய், தன் பாலைச் சுத்தமான பாத்திரத்தில் பீய்ச்சி மூடி வைத்தால் அறைச் சூட்டில் நான்கு மணி நேரம் வரை கெடாது. கடுங்கோடையில் அதற்கும் முன்னரே புகட்டிவிடுதல் நலம். அதனைப் பாலாடையாலோ சிறு கிண்ணத்தாலோ குழந்தையை நிமிர்த்தி வைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டலாம். காலில் மல்லாக்கக் கிடத்தி, மூக்கைப் பிடித்துச் சங்கில் ஊற்றும் பழக்கம் அபாயகரமானது.

தோளில் இடும் துணி

ஏப்பம் எடுக்கச் செய்கையில் குழந்தையின் வாயும் மூக்கும் தாங்குபவரின் தோளில் படிகின்றன. ஆகவே அத்தோளில் இருப்பது என்ன என்பதை நம் தொழில்களை எண்ணிப் பார்க்க வேண்டும். இரசாயன ஆலையிலிருந்து திரும்பியவர், வயலில் பூச்சிமருந்து தெளித்தவர், சாயம் தோய்த்தவர், முந்திரிக்கொட்டை உடைத்தவர் ஆகியோர் வேலை உடையுடன் குழந்தையைத் தூக்குதல் ஆகாது. முந்திரி ஓட்டின் எண்ணெய் பெரியோர் கையையே கொப்புளிக்கச் செய்யும். சிசுவின் கன்னம் எம்மாத்திரம்? குளித்து உடை மாற்றிய பிறகே குழந்தையை வாங்க வேண்டும். தறியிலிருந்து எழுந்து வரும் தாய், தோளிலும் மார்பிலும் படிந்த பஞ்சுத் தூசியைத் துடைத்துவிட்டுப் பாலூட்டுதல் நலம்.

தோளில் இடுவதற்குக் கஞ்சி போட்ட புதுத் துணி உதவாது. பல முறை துவைத்துக் கஞ்சி நீங்கி மென்மையடைந்த பழைய பருத்தி வேட்டியே சிறந்தது. அதனைச் சதுரமாகக் கிழித்து ஓரம் தைத்து, ஆறேழு துண்டுகள் வைத்துக்கொண்டு, நாள்தோறும் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். நெய்வோர் வீட்டில் இதற்குக் காசு செலவில்லை.

இங்கே தந்தையர்க்கும் ஒரு சொல். பாலூட்டுதல் தாயால் மட்டுமே ஆவது. பாலுண்ட குழந்தையைத் தோளில் ஏந்தி ஏப்பம் எடுக்கச் செய்வதோ தந்தையாலும் ஆகும். அந்தப் பத்து நிமிடம் தாய் கண்ணயர்வாளானால், அடுத்த வேளைப் பாலுக்கு அது பேருதவியாகும்.

கற்பிப்பவர் யார்?

மகாராஷ்டிர மாநிலத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதியர், கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சியளித்துப் பச்சிளங் குழந்தைகளை வீட்டிலேயே பேணும் முறையை வகுத்தனர். அப்பெண்கள் சென்ற 39 கிராமங்களில், பிறந்து ஒரு மாதத்திற்குள் நேரும் சிசு மரணம், பிற கிராமங்களோடு ஒப்பிடுகையில், மூன்றாண்டுகளில் 62 விழுக்காடு குறைந்ததாக 1999-இல் வெளியான அறிக்கை காட்டிற்று. 2011 முதல் மத்திய அரசும் இவ்வழியைப் பின்பற்றி, மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டிற்கே சென்று காணும் திட்டத்தை வகுத்தது. நம் ஊர்களில் கிராம சுகாதாரச் செவிலியரிடம் இதுபற்றிக் கேட்டறியலாம். அவர் வரும்போது தாய் வெட்கமின்றிக் கேட்க வேண்டியது ஒன்று: "நான் தூக்கிக் காட்டுகிறேன், சரியா என்று பாருங்கள்." வாயால் சொல்லக் கேட்பதைவிடக் கையால் செய்து காட்டித் திருத்தம் பெறுதல் பன்மடங்கு பயன் தரும். தறியில் அமர்ந்து நெசவு கற்ற நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

ஆலையில் பணிபுரியும் பெண்களுக்கு 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் முதற்கொண்டு, முதல் இரு குழந்தைகளுக்கு 26 வார மகப்பேற்று விடுப்பு உரிமையாக உள்ளது. வீட்டில் தறி நெய்யும் பெண்ணுக்கும், கழனியில் களையெடுக்கும் பெண்ணுக்கும் அத்தகைய விடுப்பை அளிக்க எந்த முதலாளியும் இலர். அவர்க்குக் கைகொடுக்க வேண்டியது சங்கமே. மாதம் ஒரு நாள், பிற்பகலில் ஒரு மணி நேரம், சங்கக் கட்டடத்தின் முன்னறையைத் தாய்மார்க்குத் திறந்துவிடலாம். சுகாதாரச் செவிலியரை அழைக்கலாம். துணியைச் சுருட்டிக் குழந்தையளவில் பொம்மை ஒன்று செய்து, அதைக் கொண்டு மூன்று முறைகளையும் கருவுற்ற பெண்கள் ஒவ்வொருவரும் செய்து பார்க்கச் சொல்லலாம். மாமியாரையும் தாயாரையும் உடன் அழைத்தல் அவசியம். வீட்டுப் பெரியவர் ஒப்பாத அறிவுரை வாயிற்படியைத் தாண்டாது. அவர்கள் அறிந்த நல்லவற்றை மெச்சி ஏற்றுக்கொண்டு, ஆகாதவற்றுக்குக் காரணம் சொன்னால் மறுப்பவர் அரியர். மூன்று பிள்ளை பெற்றுத் தாய்ப்பாலூட்டி வளர்த்த அங்கத்தினர் ஒருவர், தன் தெருவில் உள்ள தலைப்பிள்ளைத் தாய் ஒருத்தியைப் பிரசவமான முதல் ஆறு வாரம் வாரந்தோறும் சென்று காண்பது என்று பொறுப்பேற்றால், அதற்குச் செலவு ஏதுமில்லை.

"ஒவ்வொருவரும் எல்லோருக்காக, எல்லோரும் ஒவ்வொருவருக்காக" என்பது கூட்டுறவின் மூல மந்திரம். நூல் வாங்குவதிலும் உரம் வாங்குவதிலும் அதனைக் கடைப்பிடித்து வரும் நாம், நள்ளிரவில் அழும் குழந்தையுடன் தனித்து விழித்திருக்கும் இளந்தாயின் வீட்டிலும் அதனைக் கடைப்பிடித்தல் வேண்டும். வரும் மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமும் இப்பொருளை எடுத்துக்கொண்டு, தங்கள் ஊரில் இவ்வாண்டு தலைப்பிரசவத்தை எதிர்நோக்கும் குடும்பங்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்துப் பொறுப்பாளரை நியமிக்குமாறு அங்கத்தினர் அனைவரையும் வேண்டிக்கொள்கிறோம்.